பிரான்சின் சிற்றூரில் ஓர் இரவு: தூர்னுவை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

லண்டனிலிருந்தோ பாரிசிலிருந்தோ லியோன், மார்செய், இத்தாலி என்று தெற்கு நோக்கிக் காரில் போகிறவர்கள், வழியில் ஒரு நாள் தங்க வேண்டியிருந்தால் பெரும்பாலும் நெடுஞ்சாலையோர விடுதி ஒன்றில் இரவு பதினொரு மணிக்குப் போய்ப் படுத்து, விடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். அதே சாலையிலிருந்து ஐந்து நிமிடம் விலகினால், ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள தேவாலயமும் ஆற்றங்கரையும் நல்ல சமையலும் உள்ள ஓர் ஊரில் ஏறக்குறைய அதே செலவில் தங்க முடியும். தடையாக இருப்பது பணமும் அன்று, மொழியும் அன்று. பிரெஞ்சுச் சிற்றூர் தனக்கென்று ஒரு கடிகாரம் வைத்திருக்கிறது. அதை அறியாமல் போகிறவருக்கு அந்த ஊர் மூடிய கதவுகளாகவே தெரியும். ஆகவே இந்த வழிகாட்டியில் எல்லாவற்றையும் அந்தக் கடிகாரத்தை வைத்தே சொல்லியிருக்கிறேன். எடுத்துக்காட்டாக நான் தேர்ந்தெடுத்த ஊர், பர்கண்டிப் பகுதியில் சோன் ஆற்றின் வலது கரையில், ஷாலோனுக்கும் மாக்கோனுக்கும் நடுவே இருக்கும் தூர்னு.

எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்தல்

தங்குமிடத்தைத் தூரத்தைக் கொண்டு அல்ல, போய்ச் சேரும் நேரத்தைக் கொண்டு தீர்மானியுங்கள். மாலை ஐந்தரைக்குள் ஊருக்குள் இருக்க வேண்டும் என்பதை மாறாத விதியாக வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். பாரிசிலிருந்து தூர்னு சுமார் 360 கிலோமீட்டர். நடுவில் ஒரு நிறுத்தத்தோடு நான்கரை மணி நேரம் போதும், மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாலும் சேர்ந்துவிடலாம். கலேயிலிருந்து ரான்ஸ், த்ருவா, திஜோன் வழியாகச் சுமார் 650 கிலோமீட்டர். ஓட்டும் நேரம் ஆறரை மணி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி இளைப்பாற வேண்டும் என்று பிரெஞ்சுச் சாலைப் பாதுகாப்புத் துறை சொல்வதைக் கடைப்பிடித்தால், இன்னும் ஒன்றரை மணி நேரம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பிரிட்டனிலிருந்து வருகிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரான்சின் நேரம் ஒரு மணி முன்னே ஓடுகிறது. ஃபோக்ஸ்டனில் காலை எட்டு மணிக்குச் சுரங்க ரயிலில் காரை ஏற்றினால், 35 நிமிடப் பயணத்துக்குப் பிறகு கலேயில் இறங்கும்போது அங்கே ஒன்பது முப்பத்தைந்து. அதிலிருந்து எட்டு மணி நேரம் கூட்டினால் மாலை ஐந்தரை, அதாவது நம் விதியின் விளிம்பு. எங்கள் முதல் பயணத்தில் இந்த ஒரு மணி நேரத்தை மறந்து, போதாததற்குத் திங்கள்கிழமையாகவும் பார்த்துக் கிளம்பி, வேறொரு சிற்றூருக்கு இரவு ஒன்பதே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அறை கிடைத்தது, சாப்பாடு கிடைக்கவில்லை. திறந்திருந்த ஒரே உணவகத்தின் சமையலறை கால் மணி நேரத்துக்கு முன்புதான் அணைந்திருந்தது. காரில் மிச்சமிருந்த பிஸ்கட்டையும் இரண்டு வாழைப்பழத்தையும் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்த அந்த இரவுதான் இப்படிக் கணக்குப் போட எனக்குக் கற்றுத்தந்தது.

கிழமையையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலையும் திங்கள் முழுவதும் சிற்றூர் உணவகங்களில் பல மூடியிருக்கும். தூர்னுவில் சனிக்கிழமை காலை சந்தை கூடுவதால், வெள்ளி இரவு தங்குவது எல்லாவற்றிலும் சிறந்தது. ஆனால் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் சனிக்கிழமை நெடுஞ்சாலையில் இறங்குவது வேறு கதை. பிசோன் ஃப்யூத்தே என்ற அரசின் போக்குவரத்து முன்னறிவிப்பு ஒவ்வொரு நாளுக்கும் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என நிறம் கொடுக்கிறது. ஜூலை விடுமுறைக்காரர்கள் திரும்பும்போதே ஆகஸ்ட் விடுமுறைக்காரர்கள் கிளம்பும் வார இறுதியில் இந்தச் சாலை கறுப்பு வரை போகும். அந்த நாளைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள்.

தூர்னு உங்கள் பாதையில் இல்லையென்றால், அதைப் போன்ற ஊரைத் தேடும் அளவுகோல் எளிது: நெடுஞ்சாலை வெளிவழியிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், நடந்து போகும் தூரத்தில் குறைந்தது மூன்று உணவகங்கள் இருக்க வேண்டும், ஊருக்கென்று ஒரு பழைய நடுப்பகுதி இருக்க வேண்டும். சுங்கம் இல்லாத பெருஞ்சாலைகளின் ஓரத்தில், ஐயாயிரம் பேருக்கும் குறைவாக வாழும் ஊர்களுக்குப் போக்குவரத்து அமைச்சகம் ‘வில்லாஜ் எதாப்’ என்ற அடையாளத்தைத் தருகிறது. விடுதி, உணவகம், கடை, கழிப்பறை ஆகியவை ஆண்டு முழுவதும் இருந்தால்தான் அந்தப் பலகை கிடைக்கும். பாரிசிலிருந்து லூர்து மாதா திருத்தலத்துக்கு ஏ20 வழியாகக் காரில் போகும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்குப் பாதி வழியில் உள்ள உசெர்ஷ் அப்படிப்பட்ட ஊர்தான்.

அறை பதிவு செய்தல்

சிற்றூரில் இரண்டு வகைத் தங்குமிடம் உண்டு. ஒன்று, குடும்பம் நடத்தும் சிறிய ஹோட்டல். கீழே உணவகம், மேலே பத்துப் பதினைந்து அறைகள். மற்றொன்று ஷாம்பர் தோத் எனப்படும் வீட்டு விருந்தினர் அறை. சட்டப்படி ஐந்து அறைகளுக்கும் பதினைந்து பேருக்கும் மேல் போகக் கூடாது. காலை உணவு கட்டணத்திலேயே அடங்கும். ஹோட்டலில் காலை உணவுக்குத் தனிக் கட்டணம். பிள்ளைகளோடு, களைத்துப் போய், ஒரே ஓர் இரவுக்கு வருகிறவர்களுக்கு ஹோட்டலே மேல் என்பது என் கருத்து. ஷாம்பர் தோத்தில் வீட்டுக்காரர்களோடு பேசி உட்கார நேரம் வேண்டும். அந்த நேரம் இருக்கிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

பதிவு செய்யும்போதே நான்கு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். வரவேற்பு மேசை எத்தனை மணி வரை? பெரும்பாலான சிறிய ஹோட்டல்களில் இரவு எட்டு, ஒன்பதுக்கு மேல் ஆள் இருப்பதில்லை. தாமதமானால் வாசல் கதவுக்கான எண்ணை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். கார் நிறுத்த உள்முற்றம் இருக்கிறதா? இரவு உணவு அங்கேயே உண்டா, அன்று அது திறந்திருக்குமா? கடைசியாக, அறை எந்தப் பக்கம்? தூர்னு ஆறு ஒரு புறமும் ரயில் பாதை ஒரு புறமுமாக நீளவாக்கில் அமைந்த ஊர். அந்தப் பாதை பாரிசையும் மார்செயையும் இணைக்கும் பழைய பெரும்பாதை. சரக்கு ரயில்கள் இரவிலும் போகும். ஆற்றுப் பக்கமோ முற்றத்துப் பக்கமோ அறை கேட்டு வாங்குவது தூக்கத்தைக் காக்கும்.

விலையைப் பார்க்கும்போது, தாக்ஸ் த செஜூர் என்ற தங்கல் வரி பெரியவர்களுக்கு ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று சேரும் என்பதை நினைவில் வையுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு அது கிடையாது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களிடம் ஒரு சிறிய படிவத்தை நிரப்பச் சொல்வார்கள். அது சட்டம் கேட்கும் வழக்கமான பதிவு.

வழியும் சுங்கமும்

பாரிசுக்குத் தெற்கே ஃப்ளெரி-ஆன்-பியேர் சுங்கச்சாவடியில் சீட்டை எடுத்துக்கொண்டு, தூர்னு வெளிவழியில் அட்டை மூலம் பணம் கட்டுவீர்கள். கடந்த தூரத்துக்கே கட்டணம் என்பதால், நடுவில் இறங்கி மறுநாள் மீண்டும் ஏறுவதால் பெரிய கூடுதல் செலவு வராது. ஆரஞ்சு நிற ‘t’ எழுத்து மட்டும் உள்ள பாதை, மின்னணுக் கருவி வைத்திருப்பவர்களுக்கானது. பச்சை அம்புக்குறி உள்ள பாதையில் போங்கள். வேக வரம்பு 130, மழை பெய்தால் 110.

எரிபொருளை நெடுஞ்சாலையில் நிரப்பாதீர்கள். ஊருக்கு வெளியே உள்ள பேரங்காடிகளின் பம்புகளில் லிட்டருக்கான விலை தெளிவாகக் குறைவு. கடை மூடிய பிறகும் அட்டையைச் செருகி நீங்களே நிரப்பலாம். டீசலுக்குக் ‘காசோல்’ என்று எழுதியிருக்கும். அந்தச் சொல்லைப் பெட்ரோல் என்று எண்ணி மாற்றி நிரப்பியவர்கள் உண்டு. அதனால்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

ரயிலில் வருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதிவேக ரயில் நிற்கும் மாக்கோன்-லோஷே நிலையமும், தூர்னுவுக்கு உள்ளூர் ரயில் கிடைக்கும் மாக்கோன் நகர நிலையமும் ஒன்றல்ல. இரண்டுக்கும் இடையே சில கிலோமீட்டர் தூரம். திஜோன் வழியாக வந்தால் இந்த மாற்றமே தேவையில்லை. தூர்னு நிலையத்திலிருந்து தேவாலயத்துக்குச் சில நிமிட நடைதான்.

வந்து சேர்ந்த முதல் ஒரு மணி நேரம்

இந்த ஒரு மணி நேரத்தைச் சரியாகச் செலவழித்தால் மற்றவை தானாக நடக்கும். முதலில் கார். நீலக் கோடு போட்ட இடங்கள் ‘ஸோன் ப்ளூ’. அங்கே பணம் கிடையாது, ஆனால் வந்த நேரத்தைக் காட்டும் அட்டைத் தகட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்க வேண்டும். புகையிலைக் கடையில் அது கிடைக்கும். பிறகு கம்பங்களில் ஒட்டியிருக்கும் அறிவிப்புகளைப் படியுங்கள். சந்தைக்கு முந்தைய இரவு, மறுநாள் விடியற்காலையிலிருந்து நிறுத்தக் கூடாது என்று குறிப்பிட்ட தெருக்களில் எழுதியிருப்பார்கள். அதைப் பார்க்காமல் விட்ட காரை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஐயமாக இருந்தால் ஹோட்டலில் கேளுங்கள். காரினுள் கண்ணுக்குத் தெரியும்படி எதையும் விடாதீர்கள். நெடுஞ்சாலை ஓய்விடங்களில் இது இன்னும் முக்கியம்.

அடுத்து, உணவகத்தில் மேசை. அறைக்குப் போய்க் காலை நீட்டுவதற்கு முன்பே, போகும் வழியிலேயே பதிவு செய்துவிடுங்கள். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதல் சொல் ‘போன்ஜூர்’. மாலை சாய்ந்த பிறகு ‘போன்சுவார்’. கேள்வியை அதற்குப் பிறகுதான் கேட்க வேண்டும். வணக்கம் சொல்லாமல் நேரடியாக ஒன்றைக் கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. பிரெஞ்சுக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று நம்மவர்கள் குறைப்படுவதில் பாதி இந்த ஒரு சொல்லால் தீர்ந்துவிடுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, மருந்தும் தண்ணீரும். கடைகள் மாலை ஏழு மணிக்கு மூடிவிடும். பச்சைச் சிலுவை விளக்கு எரியும் மருந்துக் கடைதான் மருந்து வாங்கும் ஒரே இடம். இரவு நேர மருந்துக் கடையை 3237 என்ற எண்ணில் தெரிந்துகொள்ளலாம். ஆபத்தென்றால் 112.

இரவு உணவு

சமையலறை ஏழு மணிக்குத் திறந்து, ஒன்பது மணிவாக்கில் கடைசி உத்தரவை எடுத்துக்கொள்ளும். ஆறரைக்குப் போனாலும் கிடைக்காது, ஒன்பதரைக்குப் போனாலும் கிடைக்காது. பிள்ளைகளுக்குப் பசிக்கும் என்றால் ஐந்தரை மணிக்கே ரொட்டிக் கடையில் ஏதேனும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

தூர்னு சாப்பாட்டுக்குப் பெயர்பெற்ற ஊர். ஆற்றுக்கு அக்கரையில் ப்ரெஸ் சமவெளி. அங்கே வளரும் வெள்ளைக் கோழிக்கு 1957 முதல் சட்டப்படி பிறப்பிடப் பாதுகாப்பு இருக்கிறது. க்ரீமில் வெந்த அந்தக் கோழியை அசைவம் சாப்பிடுகிறவர்கள் ஒரு முறையாவது சுவைக்க வேண்டும். நம் நாட்டுக்கோழியைப் போலவே திறந்த வெளியில் மேய்ந்து வளர்ந்த இறைச்சி. மென்று தின்னும்போதுதான் ருசி தெரியும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது அவசியம். ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் மீன் வரலாம். ‘ஜ மான்ஜ் நி வியாந்த் நி ப்வாசோன்’, அதாவது இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம் என்று சொல்லுங்கள், அல்லது கைப்பேசியில் எழுதிக் காட்டுங்கள். பச்சைச் சாலட்டில்கூடப் பன்றி இறைச்சித் துண்டுகளைத் தூவுவார்கள். அதற்கு ‘லார்தோன்’ என்று பெயர். சூப்பின் அடிநீர் பெரும்பாலும் எலும்பில் காய்ச்சியது. சூடான ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி வைத்த சாலட், ஆம்லெட், க்ரீமில் சுட்ட உருளைக்கிழங்கு ஆகியவற்றைக் கேட்டால் பெரும்பாலும் செய்து தருவார்கள். மாக்கோன் பகுதியின் சின்னஞ்சிறு ஆட்டுப் பாலாடைக்கட்டி தனியாகவே ஒரு விருந்து.

அட்டையில் ‘மெனு’ என்றிருப்பது உணவுப் பட்டியல் அன்று, குறித்த விலைக்குத் தரும் இரண்டு மூன்று வகை உணவின் தொகுப்பு. பட்டியலுக்குப் பெயர் ‘கார்த்’. ரொட்டியும், ‘காராஃப் தோ’ என்று கேட்டால் வரும் குடுவைத் தண்ணீரும் சாப்பாட்டோடு இலவசம். விலையில் வரியும் பரிமாறும் கட்டணமும் அடக்கம். மனம் நிறைந்தால் சில நாணயங்கள் வைக்கலாம், வைக்காவிட்டால் குற்றமில்லை. பில்லைக் கேட்டால்தான் கொண்டுவருவார்கள். கேட்காமல் நீட்டுவதை, எழுந்து போகச் சொல்வதாக அவர்கள் கருதுகிறார்கள்.

சாப்பிட்ட பிறகு

ஜூலையில் ஒன்பதரை மணி வரை வெளிச்சம் இருக்கும். ஆற்றங்கரையில் நடந்துவிட்டு வாருங்கள். சோன் அகலமான, அவசரமில்லாத ஆறு; மாலையில் அதன் மேல் வீட்டு வரிசை அப்படியே கவிழ்ந்து கிடக்கும். ஊர் சதுக்கத்தில் 1725-இல் இங்கே பிறந்த ஓவியர் ழான்-பாப்திஸ்த் க்ரூஸின் சிலை நிற்கிறது. அவருடைய ஓவியங்கள் உள்ள அருங்காட்சியகம் பழைய தரும மருத்துவமனைக் கட்டடத்தில் இருக்கிறது. நீளமான நோயாளிக் கூடங்களும் பீங்கான் மருந்துச் சாடிகள் அடுக்கிய அறையும் அங்கே அப்படியே உள்ளன. ஆனால் மதியமே வந்து சேர்கிறவர்களுக்குத்தான் அது வாய்க்கும், குளிர்காலத்தில் மூடியிருக்கும்.

காலை: தேவாலயம்

ஓர் இரவுக்கு வந்தவர் தூர்னுவில் ஒன்றே ஒன்றைப் பார்க்கலாம் என்றால், அது புனித ஃபிலிபெர் மடாலயத் தேவாலயம். திறக்கும் நேரத்தை மாலையே வாசலில் பார்த்து வைத்துக்கொண்டு, திறந்தவுடன் உள்ளே போய்விடுங்கள். அந்த நேரத்தில் பெரும்பாலும் நீங்கள் மட்டுமே இருப்பீர்கள்.

அட்லாண்டிக் கடலில் உள்ள நுவார்முத்தியே தீவின் துறவிகள், வைக்கிங் கொள்ளையருக்கு அஞ்சி, தங்கள் புனிதரின் எலும்புகளைச் சுமந்துகொண்டு பல ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்து, 875-இல் மன்னர் வழுக்கைச் சார்லஸ் இந்த இடத்தைக் கொடுத்த பிறகு இங்கே நிலைகொண்டார்கள். இப்போதுள்ள கட்டடத்தின் பெரும்பகுதி 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இருண்ட முன்மண்டபத்தைத் தாண்டி உள்ளே காலெடுத்து வைத்ததும், இளஞ்சிவப்பு சாயல் கொண்ட சிறு கற்களால் கட்டிய உருண்டைத் தூண்கள் இரு வரிசையாக உயர்ந்து நிற்கும். அணிவேலை எதுவும் இல்லை. கல்லும் சுண்ணச்சாந்தும் மட்டும்.

அங்கே நின்று மேலே பாருங்கள். அந்தக் காலத் தேவாலயங்களில் கூரை வளைவு பொதுவாக நீளவாக்கில், கவிழ்த்த படகு போல ஒரே ஓட்டமாகப் போகும். அதன் பாரம் முழுவதும் இரு பக்கச் சுவர்களை வெளியே தள்ளுவதால், சுவரின் உயரத்தில் பெரிய சன்னல் வைக்கக் கட்டுபவர்கள் அஞ்சினார்கள். இங்கே அவர்கள் வளைவைக் குறுக்காகத் திருப்பி, ஒன்றையடுத்து ஒன்றாக வரிசையாக வைத்தார்கள். ஒவ்வொரு வளைவும் பக்கத்து வளைவின் மேல் சாய்ந்து ஒன்றையொன்று தாங்குகிறது. அதனால் இரு முனைகளிலும் சுவர் பாரமின்றி விடுபட்டு, சன்னல் திறக்க முடிந்தது. காலை வெயில் கிழக்கிலிருந்து ஏறும்போது அந்த உயர்ந்த சன்னல்கள் வழியே வெளிச்சம் சாய்வாக இறங்கித் தூண்களின் மேல் ஒவ்வொன்றாக நகரும். இந்த ஏற்பாட்டை வேறெங்கும் இந்த அளவில் நான் பார்த்ததில்லை. பதினைந்து நிமிடம் சும்மா உட்காருங்கள்.

பிறகு பலிபீடத்துக்குப் பின்னால் சுற்றிப் போனால், தரையில் ராசி உருவங்களும் மாதத் தொழில்களும் பதித்த 12-ஆம் நூற்றாண்டு மொசைக் இருக்கிறது. பல நூற்றாண்டுகள் பிற்காலத் தரைக்கு அடியில் மறைந்து கிடந்தது. சில உருவங்களே மிஞ்சியிருந்தாலும், நம் கோயில் விதானங்களில் ராசிச் சக்கரம் பார்த்துப் பழகியவர்கள் அதை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். அதே தேவாலயத்தில் கருமரியாள் என்று வணங்கப்படும் பழைய மரச் சிலையும் உண்டு. கீழே நிலவறைக்கு இறங்கும் படிகள் தேய்ந்திருப்பதால் முதியவர்களின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கிளம்புதல்

ரொட்டிக் கடை ஏழு மணிக்கெல்லாம் திறந்துவிடும். ஹோட்டல் காலை உணவுக்குப் பதிலாக அங்கே குருவாசான் வாங்கிக்கொண்டு பக்கத்துக் காப்பிக் கடையில் உட்கார்ந்து சாப்பிட அனுமதி கேட்கலாம். காப்பி வாங்கினால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஒரு நீள ரொட்டி, சந்தை நாளானால் பாலாடைக்கட்டி, தக்காளி, பழம் ஆகியவற்றை வாங்கிக் காரில் வைத்துக்கொண்டால் மதிய உணவு முடிந்தது. பன்னிரண்டு மணிக்குக் கடைகள் மூடும் என்பதால், அதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும்.

அறையைக் காலி செய்யும் நேரம் பெரும்பாலும் பத்து அல்லது பதினொன்று. வாசல் எண் கொடுத்து உள்ளே விட்ட ஹோட்டலானால், சாவியை எங்கே போட வேண்டும் என்பதை இரவே கேட்டு வைத்திருங்கள். பலரும் அதைப் பையில் போட்டுக்கொண்டே நூறு கிலோமீட்டர் போய்விடுகிறார்கள்.

லியோனுக்கு இங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டர். ஒன்பதரைக்கு மேல் கிளம்பினால் நகரத்தின் காலை நெரிசல் தணிந்திருக்கும். உடனே நெடுஞ்சாலையில் ஏற வேண்டியதில்லை. 1970-இல் நெடுஞ்சாலை முழுமையடையும் வரை பாரிசிலிருந்து தெற்கே போன விடுமுறைக்காரர்கள் நெருக்கியடித்துச் சென்ற பழைய தேசியச் சாலை 6, இப்போது மாவட்டச் சாலை 906 என்ற எண்ணோடு ஊரின் ஓரத்திலேயே போகிறது. சுங்கம் கிடையாது. இடப் பக்கம் ஆறும் வலப் பக்கம் மாக்கோன் குன்றுகளின் திராட்சைத் தோட்டங்களுமாக முப்பது கிலோமீட்டர் போய், மாக்கோன் வடக்கில் ஏ6 நெடுஞ்சாலையில் ஏறிக்கொள்ளுங்கள். ஏறும் இடத்தில் புதிய சுங்கச் சீட்டை எடுக்க மறக்காதீர்கள்.